ஓடி நின்ற பிள்ளையின் நாடி

போன தை மாதம் நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவில் எனக்குக் கொடுத்த வேலை நேரம் குறிப்பது. தராசுக் கடைக்காரன் என்றால் ஸ்டாப்வாட்சும் அவன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது செயலாளரின் எண்ணம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளுக்கான 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதாக வந்த எட்டு வயதுப் பெண்ணை அவள் அம்மா கையைப் பிடித்து என் மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"மாமா, நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு பாருங்களேன். இவ இனிமே ஓட வேணாம். பேரை அடிச்சிடுங்க."

"கொஞ்சம் இரும்மா. முதல்ல உட்காரட்டும்" என்று சொல்லி, குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து 15 விநாடி எண்ணினேன். 47 துடிப்பு. அதாவது நிமிடத்துக்கு 188. அந்த எண்ணைக் கேட்டதும் தாயின் முகம் இன்னும் வெளுத்துப்போனது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணினேன், 31. அதாவது 124. இன்னொரு நிமிடம் போனதும் 26. அதற்குள் அந்தப் பெண் தோழியோடு பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் தாயின் பயம் இறங்கவில்லை. நானும் அழுத்திச் சொல்லவில்லை. பட்டியலில் பெயரை அடித்தேன். இறுதிச் சுற்று அவள் இல்லாமல் நடந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 188-லிருந்து 124-க்கு ஒரே நிமிடத்தில் இறங்கிய இதயம் நல்ல இதயம் என்று என் உள்மனது சொன்னது. அதை அந்தத் தாய்க்குப் புரியும்படி எடுத்துச் சொல்லத்தான் எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த வார்த்தைகளைத் தேடிப் போனதன் பலனே இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். ஃபோர்ட் பகுதி நடைபாதையில் பழைய புத்தகம் பொறுக்கிப் படித்து வளர்ந்த வியாபாரி. என் மகள் கணினியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஆய்வுத் தாள்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன்.

புளிய மரத்தடி

இந்தத் தேடலுக்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. 1971-ல் எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் எங்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஒவ்வொருவர் நாடியையும் பிடித்துப் பார்த்தார். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"டேய், உன் நாடி தடுமாறுதுடா. ஒரு சமயம் வேகமா அடிக்குது, ஒரு சமயம் மெதுவா அடிக்குது."

சாயங்காலம் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார். வளர்கிற பிள்ளைக்கு இதயம் பெரிதாகிவிடும், ரத்தக் குழாய்கள் அந்த வேகத்துக்கு வளராது, அந்த வயதில் ஓடினால் இதயம் வீங்கிப்போகும் என்பது அவருடைய கருத்து. அப்பா பயந்த சுபாவம். அதோடு என் ஓட்டம் முடிந்தது. நான்கு வருஷம் விளையாட்டு வகுப்பில் புளிய மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் சட்டைக்கும் புத்தகப் பைக்கும் காவல் இருந்தேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு எங்கள் வீடு. மாலையில் என் அண்ணன் தம்பிகள் ஓடி வந்து இலையின் முன் உட்காருவார்கள். நான் மட்டும் நடந்து வந்து கடைசியில் உட்காருவேன்.

வாத்தியாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நல்லவர். தாம் படித்த புத்தகத்தில் இருந்ததை நம்பிச் சொன்னார். அந்தப் புத்தகத்துக்கு அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்கு முன், நாடியை எண்ணும் பழக்கம் வந்த விதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

நாடியை எண்ணக் கற்ற கதை

நம் சித்த வைத்தியர்கள் மூன்று விரலால் வாதம், பித்தம், கபம் என்று நாடியின் நடையைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது நாடியின் தன்மையை. நிமிடத்துக்கு இத்தனை என்று கணக்கிடவில்லை. எண்ணிக்கைக்குக் கடிகாரம் வேண்டும்.

கி.மு. 300-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோஃபிலஸ் என்ற வைத்தியர் ஒரு நீர்க்கடிகாரத்தை வைத்து நாடியை அளந்தார் என்றும், அதை நோயாளியின் வயதுக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொண்டார் என்றும் பிற்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தையின் நாடி வேறு, பெரியவர் நாடி வேறு என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் சாந்தோரியோ ஊசல் குண்டின் நூலை நீட்டியும் குறைத்தும் நாடியோடு ஒத்துப்போக வைத்து அளந்தார். 1707-ல் இங்கிலாந்தின் ஜான் ஃபிளாயர் சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைக்கொண்டு நாடியை எண்ணி எழுதினார். இன்று நாம் "நிமிடத்துக்கு 72" என்று சொல்கிற வழக்கம் இவர்கள் போட்ட பாதை.

சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. பள்ளிக்கூடம் போகிற வயதில் 70 முதல் 110 வரை இருக்கலாம். கைக்குழந்தைக்கு 100-க்கு மேல் 160 வரைகூடப் போகும். கடுமையாக ஓடினால் சிறுவர்களுக்கு 195, 200, 205 என்று ஏறுவது சாதாரணம். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்று பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு குழந்தைகளுக்குப் பொருந்தாது. பதின்வயதின் நடுப்பகுதி வரை அந்த உச்சம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே நம் விழாவில் நான் எண்ணிய 188, எட்டு வயதுப் பெண் முழு மூச்சாக ஓடினால் வர வேண்டிய எண்தான்.

முழக்கோலும் படியும்

இப்போது டிரில் வாத்தியாரின் புத்தகத்துக்கு வருவோம். ஜெர்மனியில் மார்பர்க் நகரத்தில் பெனெக்கே என்ற மருத்துவப் பேராசிரியர் இறந்தவர்களின் இதயத்தையும் பெரிய ரத்தக் குழாய்களையும் அளந்து 1879-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். குழந்தைப் பருவத்தில் இதயத்தின் கொள்ளளவு வேகமாகக் கூடுகிறது, ஆனால் பெருந்தமனியின் சுற்றளவு அந்த வேகத்தில் கூடவில்லை என்று அவருடைய அளவுகள் காட்டின. பெரிய பம்பு, குறுகிய குழாய். ஆகவே வளர்கிற பிள்ளையின் இதயத்துக்கு இயற்கையிலேயே ஒரு ஆபத்தான காலம் உண்டு என்று இதிலிருந்து பின்னால் வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். உடற்பயிற்சிப் பாடநூல்கள் அதை ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்து எழுதின. பையன்களை நெடுந்தூரம் ஓடவிடாதே என்ற விதி அப்படிப் பரவியது.

இதில் என்ன தப்பு? தராசும் படியும் விற்கிற எனக்கு இது ஒரு நொடியில் விளங்கியது. சுற்றளவு என்பது முழக்கோல் சமாச்சாரம். கொள்ளளவு என்பது படி, மரக்கால் சமாச்சாரம். ஒரு டப்பாவை நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் இரண்டு மடங்கு ஆக்கினால் அதன் வாயின் சுற்றளவு இரண்டு மடங்கு ஆகும். வாயின் பரப்பு நான்கு மடங்கு. உள்ளே பிடிக்கிற அரிசியோ எட்டு மடங்கு. டப்பா ஒழுங்காகத்தான் வளர்ந்திருக்கிறது. எட்டையும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவனுக்கு மட்டும் "வாய் குறுகிப்போச்சே" என்று தோன்றும்.

இந்தப் பிசகை எடுத்துக் காட்டியவர் பீட்டர் கார்ப்போவிச். ரஷ்யாவில் பிறந்து, மருத்துவம் படித்து, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உடலியல் கற்பித்தவர். குழந்தையின் இதய வளர்ச்சி பற்றிப் பாடநூல்களில் மலிந்த தவறுகளைத் தலைப்பிலேயே சொல்லி 1937-ல் ஒரு கட்டுரை எழுதினார். ரத்தம் பாய்வதற்கு வேண்டியது குழாயின் சுற்றளவு அல்ல, குறுக்குப் பரப்பு. அந்தப் பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் இதயமும் குழாயும் பொருத்தமாகவே வளர்கின்றன என்று அதே பழைய அளவுகளைக்கொண்டே காட்டினார். புதிதாக ஒரு பிணத்தைக்கூட அறுக்கவில்லை. கணக்கை மட்டும் சரி செய்தார்.

இதில் நம்மோடு தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். தமிழ்நாட்டின் டிரில் வாத்தியார் பரம்பரைக்கு மூல ஊற்று அது. அந்த ஊற்றின் தாய்வீட்டிலேயே 1937-ல் தவறு திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் 34 வருஷம் கழித்தும் எங்கள் ஊர்ப் புளிய மரத்தடிக்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை. தவறு வேகமாக ஓடுகிறது, திருத்தம் நடந்து வருகிறது.

இதயத்தின் பிரேக்

அடுத்தது என் தடுமாறிய நாடி. இதைப் புரிந்துகொள்ள, இதயம் எப்படி வேகம் எடுக்கிறது, எப்படி ஆறுகிறது என்று தெரிய வேண்டும்.

1845-ல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டிப் பார்த்தார்கள். இதயம் வேகம் குறைந்தது. வலுவாகத் தூண்டினால் நின்றே போனது. ஒரு நரம்பு உறுப்பை ஓட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். நிறுத்தவும் செய்யும் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி. 1921-ல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதிலிருந்த திரவத்தை மற்றொன்றின் மேல் விட்டதும் அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்துதான் பிரேக் போடுகிறது என்பது நிரூபணமாயிற்று. 1936-ல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாம் சும்மா இருக்கும்போது இந்தப் பிரேக் எப்போதும் லேசாக அழுத்தியபடி இருக்கிறது. ஓட ஆரம்பித்த உடனே முதலில் பிரேக்கிலிருந்து கால் எடுக்கப்படுகிறது. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் பரிவு நரம்புகளும் அட்ரினலினும் ஆக்சிலேட்டரை மிதிக்கின்றன. நின்றவுடன் இதன் மறுபக்கம் நடக்கிறது. முதல் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் துடிப்பு சடாரென்று இறங்குவது பெரும்பாலும் வேகஸ் பிரேக்கின் வேலை. அதற்குப் பிறகு மெதுவாக இறங்குவது, ரத்தத்தில் கலந்த அட்ரினலினும் தசையில் சேர்ந்த கழிவும் கரைய எடுக்கும் நேரம். 1994-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த முதல் இறக்கத்தை அளந்து, அது விளையாட்டு வீரர்களுக்கு விரைவாகவும் இதயம் பலவீனமான நோயாளிகளுக்கு மந்தமாகவும் இருப்பதைக் காட்டினார்கள். 1999-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் 2428 பெரியவர்களைச் சோதித்த ஆய்வில், நின்ற ஒரு நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களுக்கு அடுத்த ஆறு ஆண்டுகளில் மரண அபாயம் கூடுதல் என்று தெரிந்தது. அந்த 12 பெரியவர்களுக்கான எண். பிள்ளைகளுக்கு அதை வைத்துப் பார்க்கக் கூடாது.

இனி என் கதை. 1986-ல் ஆயுள் காப்பீட்டுக்காக ஒரு டாக்டர் என்னைச் சோதித்தார். பழைய கதையைச் சொன்னேன். சிரித்தார். "சின்ன வயசுல பல பேருக்கு அப்படித்தான். மூச்சை இழுக்கும்போது வேகமாகும், விடும்போது மெதுவாகும். அது வியாதியே இல்லை" என்றார். 1847-லேயே கார்ல் லூத்விக் இதைக் கருவி வைத்துப் பதிவு செய்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். மூச்சுக்கு மூச்சு பிரேக் விடுபட்டு மறுபடி அழுந்துவதால் வரும் ஏற்ற இறக்கம் அது. பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் அதிகமாகக் காணப்படும். கடுமையாக ஓடும்போது மறைந்து, ஆறி உட்கார்ந்ததும் திரும்பி வரும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து வாத்தியார் என் மணிக்கட்டில் கண்டது என் பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளத்தை. அதற்காகத்தான் நான் நான்கு வருஷம் மரத்தடியில் உட்கார்ந்தேன்.

நின்ற பிறகு எண்ணியவர்கள்

ஓடும்போது எண்ணுவது கஷ்டம். நின்ற பிறகு எண்ணுவது சுலபம். இதை நம்பித்தான் பல சோதனைகள் பிறந்தன. அமெரிக்காவில் 1927 முதல் 1947 வரை இயங்கிய ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தில் சிட் ராபின்சன் ஆறு வயதுச் சிறுவன் முதல் தொண்ணூறு வயது தொட்ட கிழவர் வரை ஓட்டப் பட்டையில் ஏற்றி அளந்து, 1938-ல் வெளியிட்டார். அதே ஆய்வகத்தின் லூசியன் புரோஹா 1943-ல் படியேறும் சோதனையை வெளியிட்டார். 20 அங்குல உயரமுள்ள பலகையில் நிமிடத்துக்கு 30 தடவை ஏறி இறங்க வேண்டும். அதிகபட்சம் ஐந்து நிமிடம். பிறகு உட்கார வைத்து ஒன்று, இரண்டு, மூன்று நிமிடங்கள் முடிந்த கையோடு ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் நாடியை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைய மதிப்பெண் கூடும். சிறுவர்களுக்குப் பலகை உயரத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் பயிற்சியாளர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ரைண்டலும் இதை ஒரு பயிற்சி முறையாகவே மாற்றினார்கள். துடிப்பு 180 வரை ஏறும்படி ஓடு. 120-க்கு இறங்கியதும் மறுபடி ஓடு. 90 விநாடிக்குள் இறங்காவிட்டால் உன் ஓட்டம் அளவுக்கு மீறியது என்பது அவர்கள் கணக்கு. கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் மிலானில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஆறுகிற நேரமும் பயிற்சியின் ஒரு பாகம் என்ற எண்ணம் இவர்களால் நிலைபெற்றது.

1952-ல் ஸ்டாக்ஹோமில் பெர் ஓலோஃப் ஆஸ்ட்ராண்ட் நான்கு வயது முதல் 33 வயது வரை உள்ளவர்களைச் சோதித்து ஒரு பெரிய நூலே எழுதினார். உடல் எடைக்கு இவ்வளவு என்று பார்த்தால், ஆக்சிஜனைப் பயன்படுத்துவதில் சிறுவர்கள் பெரியவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்று அது காட்டியது. வளரும் இதயம் பலவீனமானது என்ற பயத்துக்கு இதற்கு மேல் இடமில்லை.

எந்தப் பயிற்சி, எப்படி ஆறும்?

எல்லாப் பயிற்சிக்கும் இதயம் ஒரே மாதிரி ஆறுவதில்லை. நம் விழாவில் நடக்கிற போட்டிகளை வைத்தே பார்ப்போம்.

முதலாவது, குறுகிய வேக ஓட்டம். இதில்தான் பிள்ளைகள் நம்மை மிஞ்சுகிறார்கள். 1993-ல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில் 9 முதல் 12 வயதுச் சிறுவர்களும் வளர்ந்த ஆண்களும் 30 விநாடி முழு வேகத்தில் சைக்கிள் மிதித்தார்கள். ஓய்வுக்குப் பின் மறுபடி மிதித்தார்கள். ஒரே ஒரு நிமிட ஓய்வில் சிறுவர்கள் சுமார் 90 சதம் பலத்தைத் திரும்பப் பெற்றார்கள். பெரியவர்கள் சுமார் 71 சதம். இரண்டு நிமிடத்தில் சிறுவர்கள் 96 சதம். பெரியவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தும் 94 சதம்தான். இது தசையின் பலம். துடிப்பும் அதே திசையில் போகிறது. 2018-ல் பிரான்சில் செய்த ஆய்வில், பருவமெய்தாத சிறுவர்கள் ஆறுவதில் பயிற்சி பெற்ற நெடுந்தூர வீரர்களுக்கு இணையாகவும் சிலவற்றில் அவர்களை விட விரைவாகவும் இருந்தார்கள்.

காரணம் என்ன? 1970-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் பெங்ட் எரிக்சன் சிறுவர்களின் தொடைத் தசையிலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்த்தார். ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிக்கும் திறன் அவர்களுக்குக் குறைவு. ஆகவே லாக்டிக் அமிலமும் குறைவு. அதாவது பிள்ளைகள் கடன் வாங்குவதே கம்மி, அதனால் சீக்கிரம் அடைத்துவிடுகிறார்கள். வியாபாரி பாஷையில் சொன்னால் ரொக்க வியாபாரம். 2010-ல் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் குழு ஒரு நியாயமான எச்சரிக்கையும் செய்தது. சிறுவர்கள் உண்டாக்கும் பலமும் அமிலமும் குறைவு என்பதால்தான் அவர்கள் இதயம் விரைவாக ஆறுவதாகப் பெருமளவு தெரிகிறது. வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது என்றார்கள்.

இரண்டாவது, ஒரே சீராக நீடிக்கும் ஓட்டம் அல்லது மிதிவண்டி. மிதமான அளவில் இருந்தால் நின்றதும் துடிப்பு விரைவாக இறங்கும். 2000-ல் ஜப்பானில் வெளியான ஆய்வு ஒன்று, பிள்ளைகளுக்கு இந்த இறக்கம் பெரியவர்களை விட விரைவு என்றும், அதில் வேகஸ் பிரேக்குக்குப் பங்கு உண்டு என்றும் கண்டது. பள்ளிகளில் வைக்கும் 600 மீட்டர் ஓட்டம் இதைவிடக் கடுமையானது. பிள்ளைகள் கடைசிச் சுற்றில் முழு பலத்தையும் போடுவதால் ஆற இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். அது பலவீனம் இல்லை.

மூன்றாவது, வெயிலில் நீண்ட நேரம் ஆடுவது. மும்பையின் அக்டோபர் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் கால்பந்து ஆடிய பிள்ளைக்குத் துடிப்பு இறங்கவே நேரமாகும். உடம்புச் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்கு ஓடுகிறது. வேர்வையில் நீர் போய்விட்டது. இருக்கிற ரத்தத்தைச் சுற்றவிட இதயம் அதிக தடவை அடிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மருந்து நிழல், தண்ணீர், நேரம். பிள்ளைகள் வெயிலைத் தாங்கவே மாட்டார்கள் என்று முன்பு நினைத்தார்கள். தண்ணீரும் ஓய்வும் சரியாகக் கிடைத்தால் அவர்கள் பெரியவர்களைவிட மோசம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-ல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டது.

நான்காவது, கயிறு இழுத்தல் போல மூச்சைப் பிடித்து முறுக்கும் வேலை. அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது துடிப்பு ஓட்டத்தில் ஏறுகிற அளவு ஏறாது. ரத்த அழுத்தம்தான் அதிகம் ஏறும். விட்டவுடன் இரண்டும் விரைவாக இறங்கும். மூச்சை அடக்காமல் இழுக்கச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

ஐந்தாவது, ஓடி நின்ற விதம். சடாரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். நடந்துகொண்டே ஆறுகிற பிள்ளைக்குத் துடிப்பு கொஞ்சம் உயரத்தில் இருக்கும்; படுத்தால் விரைவாக இறங்கும். ஆகவே ஒரு பிள்ளையை நடக்கவிட்டும் இன்னொன்றைப் படுக்க வைத்தும் எண்ணி ஒப்பிட்டால், அது பெனெக்கே கணக்கு போலத்தான் ஆகும்.

என் வீட்டில் நானும் ஒன்பது வயதுப் பேரனும் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். அவன் ஒரு நிமிடம் கயிறு தாண்டினான். 15 விநாடிக்கு 44. உட்கார்ந்து ஒரு நிமிடம் போனதும் 27. நான் மூன்று மாடி ஏறினேன், 34. ஒரு நிமிடம் கழித்து 29. "தாத்தா, உன் பிரேக் தேஞ்சுபோச்சு" என்றான். இது ஆய்வு இல்லை. ஆனால் அவனுக்குப் பாடம் புரிந்துவிட்டது.

பிள்ளைகளின் விளையாட்டே இப்படி அமைந்ததுதான். 1995-ல் அமெரிக்காவில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் தாமாக ஆடுவதை விநாடிக் கணக்கில் கவனித்தார்கள். கடுமையான அசைவு ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்று விநாடி அளவுதான் நீடித்தது. ஓட்டம், நிற்றல், மறுபடி ஓட்டம். நம் சடுகுடு, கிளித்தட்டு, நொண்டி, இங்கே மராட்டியப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் ஆடும் கோ-கோ எல்லாமே இந்த வகைதான். ஆறுவதற்கான இடைவெளியும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை

இதையெல்லாம் படித்துவிட்டு எந்தப் பிள்ளைக்கும் எதுவும் வராது என்று நினைத்துவிடக் கூடாது. ஓடும்போதே மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாரித்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே காரணமின்றிப் படபடத்தால், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டு வீங்கி வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும். நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை.

துடிப்பு மெதுவாக ஆறுவதற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. காய்ச்சல், தூக்கக் குறைவு, வெயில், ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதம் பேருக்கு ரத்தசோகை. பல வீடுகளில் இதயத்தின் மேல் போடுகிற பழி உண்மையில் ரத்தத்தின் மேல் போட வேண்டியது. அதைச் சோதிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

வருகிற பொங்கல் விழாவில் மூன்று காரியம் செய்யலாம். ஓட்டம் முடியும் இடத்தில் நிழலும் தண்ணீரும் நான்கு நாற்காலியும் போடலாம். முதல் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவே பத்து நிமிடமாவது விடலாம். பிள்ளைகளுக்கு அது தாராளம். மூன்றாவது, பெற்றோர் கையிலேயே ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, ஓடி வந்த உடனே 15 விநாடியும், ஒரு நிமிடம் கழித்து 15 விநாடியும் எண்ணச் சொல்லலாம். வாட்ச் நான் கடையிலிருந்து கொண்டு வருகிறேன். மேலே சொன்ன அறிகுறி இருக்கிற பிள்ளையை டாக்டர் பார்க்கட்டும். மற்றபடி நெஞ்சு படபடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக யார் பெயரையும் அடிக்க வேண்டாம்.

அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு இப்போது ஒன்பது ஆகிவிட்டது. இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை அவள் அம்மாவிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, "15 விநாடி எண்ணி நாலால பெருக்கணும், அவ்வளவுதானே மாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். வருகிற தை மாதம் பட்டியலில் அவள் பெயர் இருக்கும் என்று நம்புகிறேன். கட்டுரையில் பிழை கண்டால் கற்றறிந்தோர் பொறுத்து, எனக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன். திருத்தம் நடந்து வர 34 வருஷம் ஆக வேண்டாம்.